ஒரு பேரீச்சம்பழப் பெட்டியும் ஐந்து வருடக் கடனும்



அன்பின் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. நோன்பு நேரம், அவசரமில்லை. நோன்பு திறந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

நோன்பு விடுமுறைக்குப் பாடசாலை மூடுவதற்கு முந்திய வாரம். இடைவேளையில் தரம் 6 பிள்ளைகள் சிலர் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள தொட்டியில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து குழாய் வைத்த சிமெந்துத் தொட்டி. இப்போது தண்ணீர் வருவதில்லை. ஒரு குழாய்க்குத் தலையும் இல்லை. நான் கூப்பிட்டு ஏசினேன். ஒரு பிள்ளை கேட்டது: "இத என்னத்துக்கு டீச்சர் கட்டினது?"

"கொரோனாவுக்கு" என்றேன்.

"கொரோனாண்டா, அந்த நீட்டு லீவு குடுத்ததுதானே?"

அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது ஆறு வயது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்னால் நின்ற இன்னொரு பிள்ளை மெதுவாகச் சொன்னது: "இல்ல, எங்கட மூத்தவாப்பாவ ஓட்டமாவடிக்குக் கொண்டுபோன வருத்தம்."

மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் ஓட்டமாவடிக்கு? இங்க மையவாடி இருக்குத்தானே?" என்று கேட்டார்கள். மணி அடித்துவிட்டது. நான் பதில் சொல்லாமல் வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஐந்து வருடத்துக்குள் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு லீவாகிவிட்டது. நமக்கும் அப்படித்தானா?

அந்த நாட்களை எனக்கு ஞாபகப்படுத்துவது எங்கள் கல்வியியற் கல்லூரி பட்ச்சின் வாட்ஸ்அப் குழு. படித்து முடித்துப் பிரிந்தவர்களில் ஒருத்தி தியத்தலாவையில், ஒருத்தி கணவருடன் டோஹாவில், ஒருத்தி லண்டனில், மற்றவர்கள் இலங்கையின் எல்லாப் பக்கமும். 2020இல் அந்தக் குழுவில் வந்த குரல் பதிவுகளை நான் அழிக்கவில்லை. போன வாரம் தஹஜ்ஜுத்துக்கு எழும்பியவள் அவற்றைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

முதல் பயம் நமது ஊவாவுக்குத்தான் வந்தது. மறந்திருப்பீர்கள். 2020 பெப்ரவரி 1ஆம் திகதி சீனாவின் வூஹான் நகரிலிருந்து 33 இலங்கை மாணவர்களை விமானத்தில் கொண்டுவந்து, நேராகத் தியத்தலாவை இராணுவ முகாமில்தான் தனிமைப்படுத்தினார்கள். தியத்தலாவைத் தோழியின் குரல் பதிவில் அழுகைதான். "எங்கட ஊருக்கே கொண்டுவந்து வச்சிட்டாங்க, பிள்ளைகள வெளியில விடப் பயமா இருக்கு" என்றாள். இரண்டு வாரத்தில் அந்த மாணவர்கள் எல்லோரும் நோயில்லாமல் வீடு போனார்கள்.

அதே மாதம்தான் இலங்கையின் முதல் நோயாளியான சீனப் பெண் குணமாகிப் போனார். அவரை அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கட்டியணைத்து வழியனுப்பிய படத்தை நாடே பார்த்தது. நல்ல காரியம் என்று நானும் பகிர்ந்தேன். நோயாளியை வெறுக்கக் கூடாது என்று அன்றைக்கு நமக்குத் தெரிந்திருந்தது.

பிறகு மார்ச் வந்தது. 13ஆம் திகதியிலிருந்து பாடசாலைகள் இல்லை. 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. ஜும்ஆவும் ஜமாஅத்தும் அதற்கு முன்னமே நின்றுவிட்டன. பெப்ரவரி 27ஆம் திகதி உம்ராவுக்கு வெளிநாட்டவர் வருவதை சவூதி நிறுத்தியபோது "கஃபாவையே மூடுற காலமா?" என்று கேட்ட என் உம்மா, இரண்டு மாதத்துக்குள் வீட்டு மண்டபத்தில் தறாவீஹ் தொழப் பாய் விரித்தார். அந்த வருடம் பள்ளிக் கஞ்சி இல்லை. பெருநாளன்றும் ஊரடங்கு.

"கொரோனாவுக்கு ஏழை பணக்காரன் இல்லை, சாதி மதம் இல்லை, எல்லாரும் சமம்" என்று அப்போது எல்லோரும் எழுதினோம். நானும் எழுதியிருக்கிறேன். இப்போது யோசித்தால் அது பாதி உண்மைதான். கிருமிக்கு எல்லோரும் சமம். பயத்துக்கு அப்படியில்லை. ஒவ்வொரு நாட்டிலும் பயம் கைக்கெட்டிய எளிய மனிதரைத்தான் தேடிப் பிடித்தது.

இந்தியாவைப் பாருங்கள். மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலிருந்து நாட்டை மூடினார்கள். நான்கு மணித்தியாலம்தான். நகரங்களில் கூலி வேலை செய்த இலட்சக்கணக்கானவர்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்கு நடந்தார்கள். மே 8ஆம் திகதி அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் மேல் சரக்கு ரயில் ஏறியது. அதே நேரம் டெல்லி நிஸாமுத்தீன் தப்லீக் மர்கஸில் தொற்று வந்ததை வைத்து, நோயைப் பரப்புவதே முஸ்லிம்கள்தான் என்று தொலைக்காட்சிகள் கத்தின. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை வெளிநாட்டுத் தப்லீக்காரர்கள் மீதான வழக்குகளை இரத்துச் செய்து, அவர்கள் பலிக்கடாக்கள் ஆக்கப்பட்டார்கள் என்று சொன்னது. அதற்குள் எத்தனை தெரு வியாபாரிகள் அடி வாங்கிவிட்டார்கள்!

சென்னையில் ஏப்ரலில் நடந்தது இன்னும் மோசம். நோயாளிகளைப் பார்த்தே தொற்றுப் பட்டு இறந்த ஒரு கிறிஸ்தவ வைத்தியரை அடக்கம் செய்யப் போனபோது, அங்குள்ள ஜனங்கள் கல்லும் கட்டையும் கொண்டு அம்புலன்ஸையே அடித்தார்கள். கடைசியில் அவருடைய வைத்திய நண்பர் இராத்திரி தன் கையாலேயே மண் அள்ளிப் போட்டு அடக்கினார். அங்கே அடித்தவர்கள் அரசாங்கம் இல்லை, நம்மைப் போன்ற ஊர்ச் சனம். இதைக் கவனியுங்கள்.

சிங்கப்பூர் முதல் மாதங்களில் நோயை நன்றாகக் கட்டுப்படுத்துகிறது என்று உலகமே பாராட்டியது. ஏப்ரலில் பார்த்தால், தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் போன கட்டுமானத் தொழிலாளர்கள் ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராகத் தங்கியிருந்த விடுதிகளில் நோய் காட்டுத்தீ போல் பரவியிருந்தது. கணக்குப் போட்டவர்கள் அந்த விடுதிகளைக் கணக்கில் எடுக்க மறந்திருந்தார்கள். டோஹாத் தோழியும் இதையேதான் சொன்னாள். தொழிலாளர்கள் வாழும் இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் ஒரு பகுதியை மார்ச்சில் பூட்டிவிட்டார்கள். அவள் கணவரின் கீழ் வேலை செய்தவர்கள் அதற்குள்ளே.

லண்டன் தோழியின் குரல் பதிவு வேறு மாதிரி. பிரித்தானியாவில் இந்த நோய்க்கு முதலில் உயிர் கொடுத்த நான்கு வைத்தியர்களும் முஸ்லிம்கள், சூடானிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் போனவர்கள். மார்ச் கடைசியில் அங்கே 13 வயதுச் சிறுவன் ஒருவன் மௌத்தானான். வீட்டார் தனிமைப்படுத்தலில் இருந்ததால் உம்மாகூட ஜனாஸாவுக்குப் போக முடியவில்லை. பாதுகாப்பு உடை போட்ட நாலு பேர் இறக்கி அடக்கினார்கள். "உம்மா இல்லாம அடக்கிட்டாங்கடி" என்று தோழி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். அதைவிடப் பெரிய கொடுமை இருக்க முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

சில நாளுக்குள் நமக்கு அடக்கமே இல்லை என்றார்கள்.

அதற்கு முன் என் கதையைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

எங்கள் பாடசாலையில் தோட்டத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். 2020இல் தரம் 11இல் இருந்த ஒரு மாணவி இறப்பர் தோட்ட லயத்திலிருந்து வருவாள். தகப்பன் பால் வெட்டுபவர். ஊர் முழுக்க ஊரடங்கில் இருந்தபோதும் தோட்டத்தில் வேலை நடந்தது. தாய் குவைத்தில் வீட்டு வேலை. அந்த மூன்று மாதமும் அந்தப் பிள்ளைக்கு நான் பாடங்களை எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். லயத்தில் சிக்னல் இல்லை. மேட்டில் ஏறித்தான் இறக்கிக்கொள்வாள். (அடுத்த வருடம் லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறிப் படித்த கதை வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தது. நமக்கு அது புதினமில்லை.)

ஏப்ரலில் குவைத் அரசாங்கம் விசா இல்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தது. மே மாதம் அப்படி வந்த நம் நாட்டவர் பலருக்குத் தொற்று இருந்தது. உடனே பேஸ்புக்கில் என்ன எழுதினோம்? "இவர்களை ஏன் கொண்டு வந்தீர்கள்?" என்று எழுதினோம். எத்தனை வருடமாக அவர்கள் அனுப்பிய காசில் நாடு ஓடியது என்பதை ஒரே நாளில் மறந்துவிட்டோம்.

அந்தத் தாயும் வந்தார். முகாமில் இருந்து, பரிசோதனை செய்து, நோயில்லை என்ற கடிதத்தோடுதான் லயத்துக்கு வந்தார். ஆனாலும் லயத்துக் குழாயில் தண்ணீர் எடுக்க விடவில்லை. நம்முடைய கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் சாமானை மேசையில் வைத்துவிட்டு, காசை சவர்க்காரத் தண்ணிக்குள் போடச் சொன்னார். ஜூன் கடைசியில் ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலால் சொன்னேன்: "அக்கா, அங்கேயே வச்சிட்டுப் போங்க."

அவர் கொண்டுவந்தது ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. "நோம்புக்குக் குடுக்கணும்னு வாங்குனது டீச்சர், வர முடியாமப் போச்சு" என்று கேட்டுக்கு வெளியே நின்று சொன்னார். மதிலில் வைத்துவிட்டுப் போனார். நான் இரண்டு மணித்தியாலம் கழித்துக் கையுறை போட்டு எடுத்து, திறக்காமலே குப்பைக் குழியில் போட்டு, மேலே மருந்தும் தெளித்தேன். வீட்டில் சின்னப் பிள்ளை, வயசான உம்மா. அந்த நேரம் எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை.

இப்போது நமது ஜனாஸா விடயத்துக்கு வருகிறேன்.

மார்ச் 30ஆம் திகதி நீர்கொழும்பில் மௌத்தான நம் சகோதரரை எரித்தார்கள். ஆரம்ப வழிகாட்டலில் அடக்கவும் இடமிருந்தது. அதை மாற்றினார்கள். ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியே வந்தது: 800 முதல் 1200 பாகை வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் எரிக்க வேண்டும் என்று. நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முன்னமே, மார்ச்சிலேயே, அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானது என்று சொல்லியிருந்தது. சீனாவில் எல்லோரையும் எரிக்கச் சொன்னார்கள், உண்மை. ஆனால் நிலமும் நீரும் உள்ள மற்ற நாடுகள் அடக்கத்தானே செய்தன? இத்தாலியில் பெர்கமோ நகரத்தில் இராணுவ லொறிகளில் பெட்டிகளைக் கொண்டுபோகும் அளவுக்கு மரணம் வந்தபோதும், அடக்குவது குற்றம் என்று யாரும் சட்டம் போடவில்லை.

டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை ஏற்காமல் தள்ளியது. அந்த மாதமே பிறந்து 20 நாளான பச்சைக் குழந்தையைப் பெற்றோர் வேண்டாமென்று சொல்லச் சொல்ல எரித்தார்கள். பொரளை கனத்தை வேலியில் ஜனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். இரவில் அவிழ்த்தார்கள். திரும்பவும் வந்து கட்டினார்கள். கட்டியவர்களில் சிங்களவர்கள், தமிழர்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

அந்த டிசம்பரில் மொனராகலை பஸ் நிலையத்தில் அந்தத் தாயைக் கண்டேன். என்னைக் கண்டதும் இரண்டடி தள்ளி நின்றார். பழக்கிவிட்டோம்தானே! தள்ளி நின்றபடியே கேட்டார்: "ஒங்க ஆளுகள எரிக்கிறாங்களாமே டீச்சர், கைக்கொழந்தயக்கூட. எங்க லயத்துலயும் நாங்க பொதைக்கிறதுதானே. எங்க மாமியாவ தேயிலைக்குள்ளதான் பொதைச்சோம். அது ஒரு பாவமா டீச்சர்?"

அந்த வார்த்தை எனக்குச் சாட்டையடி மாதிரி இருந்தது. நான் அதுவரை இது நம் சமூகத்தின் பிரச்சினை என்றே நினைத்திருந்தேன். மலையகத்தில் எத்தனையோ இந்துக் குடும்பங்கள் அடக்குகிறவர்கள் என்பது இந்த மாவட்டத்திலேயே பிறந்த எனக்குத் தோன்றவே இல்லை.

2021 பெப்ரவரி கடைசியில் வர்த்தமானி திருத்தப்பட்டது. முதலில் இரணைதீவு என்றார்கள். அந்தத் தீவு மக்கள் எதிர்த்தார்கள். நம்மில் சிலர் அவர்களை ஏசினோம். யுத்தத்தில் இழந்த தங்கள் மண்ணுக்கு 2018இல்தான் திரும்பி வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்காமல் அறிவித்தது யார் பிழை? பிறகு மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டவர்கள். அதில் மற்ற மதத்தவர்களும் இருக்கிறார்கள். தங்கள் ஊர்க் காணியை விட்டுக்கொடுத்த அந்த மக்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் எங்கள் மாணவியின் மூத்தவாப்பாவைப் போல, நம் ஊவாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் கப்ரை ஸியாரத் செய்ய அந்தக் குடும்பங்கள் இன்றைக்கும் ஒரு வேன் பிடித்து ஒரு நாளைச் செலவழிக்க வேண்டும்.

2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாய எரிப்பினால் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. "இனி என்ன, முடிந்ததுதானே" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று பயம். நான் கதவைத் திறக்காதது, கடைக்காரர் காசைக் கழுவியது, தியத்தலாவைத் தோழி மாணவர்களுக்குப் பயந்தது, எல்லாம் பயம். மருந்தில்லாத நோய், வீட்டில் வயசானவர்கள். இதற்கு மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டால் போதும். மற்றது சட்டம். அறிவுள்ளவர்கள் மேசையில் இருந்து, உலகம் வேறு சொல்வதை அறிந்துகொண்டே, பதினொரு மாதம் மாற்றாமல் வைத்திருந்த சட்டம். அதற்கு மன்னிப்பு மட்டும் போதாது. எந்த ஆதாரத்தில், யார் ஆலோசனையில் அப்படி முடிவெடுத்தார்கள் என்பது வெளியே வர வேண்டும். நாளைக்கு இன்னொரு நோய் வரும்போது இன்னொரு சமூகத்துக்கு இது நடக்காமல் இருக்க வேறு வழி இல்லை.

இரண்டையும் ஒன்றாக்கினால், "எல்லோரும்தான் பயந்தோம்" என்று சட்டம் போட்டவர்கள் தப்பிவிடுவார்கள். ஒன்றை மட்டும் பேசினால், நாம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும்தான் என்று நினைத்து நம் பிழையை மறந்துவிடுவோம். சமூகத்தில் நான் அதிகம் காண்பது இந்த இரண்டாவதைத்தான். அக்குறணையையும் அட்டுலுகமையையும் பூட்டியபோது ஊடகங்கள் நம்மை நோயின் பெயரால் அழைத்ததற்காகக் கொதித்தோம். சரியான கொதிப்பு. அதே கையால்தான் குவைத்திலிருந்து வந்த பெண்களைப் பற்றி எழுதினோம்.

அந்தத் தாய் 2022இல், சாமான் விலை ஏறிய காலத்தில், திரும்பவும் குவைத்துக்குப் போய்விட்டார். போன வாரம் மகளிடம் இலக்கம் வாங்கி ஒரு குரல் பதிவு அனுப்பினேன். பேரீச்சம்பழப் பெட்டியை என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. இனி வராது என்று நினைத்தேன். அடுத்த நாள் ஸஹர் நேரம் வந்தது: "அழுகையா வந்திச்சு டீச்சர், உண்மயச் சொல்றேன். ஆனா நானும் அப்புடித்தான். இங்க ஒரு பெங்காலிப் புள்ள இருமுனா நான் பக்கத்துல போகல. அவளுக்குத் தண்ணிகூட குடுக்கல. அவ எங்க இருக்கான்னும் தெரியாது, மன்னிப்புக் கேக்கக்கூட வழியில்ல. ஒங்களுக்கு நான் இருக்கேன்ல."

இதற்கு மேல் நான் எதையும் சேர்க்க விரும்பவில்லை.

ஊர் மக்களிடமும் பள்ளி நிர்வாக சபைகளிடமும் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, மொனராகலை, பக்கினிகஹவெல, பிபிலை, பதுளை, பசறை என்று நம் ஒவ்வொரு ஜமாஅத்தும் அந்தக் காலத்தில் எரிக்கப்பட்டவர்கள், ஓட்டமாவடியில் அடக்கப்பட்டவர்கள் பற்றி அவர்கள் குடும்பத்தாரின் வாயால் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெயர், திகதி, யார் வந்து சொன்னார்கள், எந்தக் கடிதத்தில் ஒப்பமிட வைத்தார்கள், முகத்தைக் காட்டினார்களா என்பதெல்லாம் இருக்கட்டும். வயசானவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஆய்வு வேண்டாம், ஒரு கொப்பி போதும்.

இரண்டு, அந்தக் கொப்பியில் மற்றவர்களுக்கும் இடம் கொடுங்கள். லயத்தில் அடக்க முடியாமல் போன குடும்பங்கள், தண்ணீர் மறுக்கப்பட்டவர்கள், நமக்காக வெள்ளைத் துணி கட்டியவர்கள், ஊரடங்கில் அரிசி கொண்டுவந்து கொடுத்த சிங்கள அயலவர்கள்.

மூன்று, அந்த நேரம் நீங்கள் யாருக்காவது கதவைச் சாத்தியிருந்தால், இந்த ரமழான் முடிவதற்குள் அவரிடம் போங்கள். போக முடியாவிட்டால் அழைப்பு எடுங்கள். மனித உரிமையில் விட்ட பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று நாம்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

பாடசாலை திறந்ததும் அந்தத் தரம் 6 பிள்ளைகளின் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போகிறேன். அந்தப் பிள்ளையின் வீட்டார் சம்மதித்தால், அவளுடைய உம்மும்மாவை வகுப்புக்குக் கூப்பிட்டுச் சொல்ல வைக்கவும் எண்ணம். அதிபரிடம் கேட்டிருக்கிறேன். பெற்றோர் யாருக்காவது இதில் மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் சண்டை பிடிக்காமல் என்னிடம் நேரே கதையுங்கள்.

அந்தத் தொட்டியின் குழாய்களையும் திருத்த வேண்டும். நாலு குழாயும் ஒரு வால்வும்தான். யாராவது பொறுப்பெடுத்தால் நன்மை.

மௌத்தான எல்லோருக்கும் அல்லாஹ் மறுமையில் உயர்ந்த அந்தஸ்தைக் கொடுப்பானாக. நம் பிழைகளைப் பொறுப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.